பிடாயைக் கழற்ற மாட்டேன்

எங்கள் பிளாட் மேற்கே பார்த்தது. ஜார்ஜ் டவுனில் வீடு தேடி அலைந்தபோது, அந்தப் பால்கனியில் நின்று எதிரே தெரிந்த மலையைப் பார்த்து மயங்கித்தான் வாங்கினோம். நாங்கள் பார்க்கப் போனது ஒரு காலை வேளை. மதியத்துக்கு மேல் போயிருந்தால் வாங்கியிருக்க மாட்டோம்.

தீவுக்கு அக்கரையில், புக்கிட் தெங்காவில் ஒரு தொழிற்சாலை அலுவலகத்தில் எனக்கு வேலை. கடல் பாலத்து நெரிசலில் ஊர்ந்து, சாயங்காலம் வீட்டுக் கதவைத் திறந்தால் அனல் முகத்தில் அடிக்கும். சட்டையைக்கூட மாற்றாமல் என் கணவர் படுக்கையறை ஏர்கோனைத் தட்டிவிடுவார். விடியும்வரை அது ஓயாது. அறை மட்டும் குளிராது. கரண்டு பில்லோ மாதத்துக்கு மாதம் ஏறியது. சர்வீஸ் செய்ய வந்தவர், மெஷின் பத்தவில்லை, பெரிதாகப் போடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். கணவர் அன்றே கடை கடையாக விலை விசாரிக்கத் தொடங்கிவிட்டார்.

எனக்கு அது பிடிக்கவில்லை. ஒருநாள் சாயங்காலம் கட்டிலுக்குப் பின்னால் இருந்த சுவரில் கை வைத்தேன். சட்டென்று எடுத்துக்கொண்டேன். அந்தச் சுவருக்கு மறுபக்கம்தான் பால்கனி. மதிய வெயில் முழுவதையும் வாங்கி வைத்துக்கொண்டு, ராத்திரி முழுக்க எங்கள் தலைமாட்டில் அது கக்கிக்கொண்டிருந்தது.

"வெயில உள்ள விட்டுட்டு, அப்புறம் காசு கொடுத்து வெளிய தள்ளுறோம். பெரிய மெஷின் வாங்கினா இன்னும் கூடக் காசு கொடுத்துத் தள்ளுவோம், அவ்வளவுதான்" என்றேன்.

"ஊரே ஏர்கோன் போட்டுத்தான் படுக்குது. நீ மட்டும் பெரிய இன்ஜினியர்" என்றார் கணவர்.

"அப்படியே வச்சுக்குங்க. மெஷின் வாங்கக் கூடாது."

அந்த வார இறுதியிலேயே ஆரம்பித்தேன். சமையலறை ஜன்னலோரம் வெயிலில் நின்ற ஐஸ்பெட்டியை நிழலுக்கு நகர்த்தினேன். இற்றுப்போயிருந்த அதன் கதவு ரப்பரை மாற்றினேன். படுக்கையறைக் கதவின் அடியில் இருந்த இடைவெளியை அடைத்தேன். உள்ளே தொங்கிய கனத்த திரைச்சீலையால் பயனில்லை என்பதும் புரிந்தது. பால்கனிக் கண்ணாடிக் கதவைத் தாண்டி வந்துவிட்ட வெயிலைத் திரை என்ன செய்யும்? வெளியிலேயே மறிக்க வேண்டும். கடைக்குப் போய் மூங்கில் பிடாய் வாங்கி வந்தேன். கயிற்றை இழுத்தால் சுருண்டு மேலே போகும் மூங்கில் தட்டிதான் பிடாய். அதைப் பால்கனிக் கம்பிக்கு வெளியே, மேல் விளிம்பிலிருந்து தொங்கவிட்டேன். சில நாளில் சுவரின் சூடு குறைந்தது கைக்கே தெரிந்தது.

கட்டட நிர்வாகக் குழுவின் கண்ணுக்கும் அது தெரிந்துவிட்டது. குழுத் தலைவர் சூலியா தெருவில் துணிக்கடை வைத்திருப்பவர், என்னைவிட மூத்தவர். மரியாதையாகத்தான் வாசலில் நின்று பேசினார்.

"தங்கச்சி, அதக் கழற்றிடுங்க. கீழேருந்து பார்த்தா பாசார் கடை மாதிரி இருக்குலா. பில்டிங் பேரு கெட்டுப்போகும், வீட்டு விலையும் இறங்கும்."

"விக்கறதா இருந்தாத்தானே அண்ணே விலையப் பத்திக் கவலை? நான் இங்க குடியிருக்கேன்."

"அப்ப மீட்டிங்குக்கு வந்து பேசுங்க."

போனேன். கூட்டத்தில் எழுந்து பேசிப் பழக்கமில்லாதவள் நான். சுவர் சுடுவதையும், வெயிலை வெளியே மறித்தால் ஏர்கோனுக்கு வேலை குறைவதையும் சொல்லிக்கொண்டிருந்தபோது பின்வரிசையிலிருந்து ஒருவர் குரல் கொடுத்தார்.

"குளிர் வேணும்னா கேமரன் மலைக்குக் குடி போங்க அக்கா!"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குக் காது சிவந்துவிட்டது. உட்கார்ந்துவிடலாம் என்றுகூடத் தோன்றியது. ஆனால் அந்தச் சிரிப்பே என்னை உட்காரவிடாமல் நிறுத்தியது.

"எங்கயும் போக மாட்டேன் தம்பி. இந்த வீட்லயே குளிர்ச்சியா இருப்பேன். உங்க வீடு கிழக்க பார்த்தது, சிரிப்பு வரும். ஒரு நாள் மத்தியானம் என் வீட்ல வந்து உட்கார்ந்துட்டு அப்புறம் சிரிங்க."

கை தூக்கச் சொன்னார்கள். மேற்கே பார்த்த வீட்டுக்காரர்களில்கூடப் பாதிப் பேர் கை என் பக்கம் எழவில்லை. பால்கனிக் கம்பிக்கு வெளியே யாரும் எதையும் தொங்கவிடக் கூடாது என்று முடிவானது. தோற்றுவிட்டேன்.

கூட்டத்துக்கு என்னோடு வந்திருந்த கணவர் வீட்டுக்குள் வந்ததும், "கழற்றணுமா?" என்று கேட்டார். அந்தக் குரலில் கேலி இல்லை. என்னைப் பார்த்துச் சிரித்தது அவருக்கும் சுட்டிருக்க வேண்டும்.

"கம்பிக்கு வெளியதானே கூடாதுன்னாங்க? உள்ள தொங்கவிடக் கூடாதுன்னு யாரும் சொல்லலையே."

அவர் ஏணியைக் கொண்டுவந்து பிடித்துக்கொண்டார். பிடாயைக் கழற்றி, கம்பிக்கும் கண்ணாடிக்கும் நடுவில், பால்கனிக் கூரையிலேயே மாட்டினேன். துணி உலர்த்தும் இடம் பாதியாகிவிட்டது. ஆகட்டும் என்று விட்டுவிட்டேன்.

அடுத்த நாளே தலைவர் வந்தார். பால்கனிக்கே கூட்டிப்போய்க் காட்டினேன். கம்பியையும் பிடாயையும் மாறி மாறிப் பார்த்தார்.

"கீழேருந்து பார்த்தா அதே மாதிரிதான் தெரியுது தங்கச்சி."

"அப்ப பார்க்காதீங்க அண்ணே."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அடக்கிக்கொண்டு போய்விட்டார். அதன்பிறகு யாரும் கதவைத் தட்டவில்லை.

பெரிய மெஷின் வாங்கவே இல்லை. பழையதே போதுமாக இருந்தது. படுக்கப் போகும்போது போட்டு, அறை குளிர்ந்ததும் நிறுத்திவிட்டுக் காற்றாடியில் தூங்கினோம். பில் இறங்கியது. முதல்முறை இறங்கியபோது தவறாக வந்திருக்குமோ என்று கணவர் மீட்டரையே போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

கீழ் வீட்டுச் சீன ஆண்ட்டியும் கம்பிக்கு உள்ளே ஒரு பிடாய் மாட்டிக்கொண்டார். பிறகு மேற்குப் பக்கம் இன்னும் சில வீடுகளில் தொங்கின. ஒன்று பச்சை நிறம். எனக்கே கண்ணை உறுத்துகிறது, ஆனால் வாயைத் திறக்க மாட்டேன்.

இந்த வருஷக் குழுத் தேர்தலுக்கு என் பெயரைக் கொடுத்திருக்கிறேன். மொட்டைமாடிக்கு வெள்ளைப் பெயின்ட் அடித்தால் மேல் மாடிக்காரர்கள் வேகாமல் இருப்பார்கள் என்று பேசப் போகிறேன். சிரிப்பார்கள். சிரிக்கட்டும், நான் உட்காரப் போவதில்லை.