சிக்னல் சரியில்லாத சிடி

வேங்கிக்காலில், கலெக்டர் ஆபீசுக்கு எதிரே மனு டைப் அடித்துக் கொடுக்கும் கடை ஒன்றில் தசரதன் வேலை பார்த்தான். பட்டா மாற்றம், முதியோர் பென்ஷன், பக்கத்து நிலத்துக்காரன் வரப்பைக் கரைத்துவிட்டான் என்று எந்தக் குறையோடு யார் வந்தாலும், கோவையாக நாலு பத்தி அடித்துக் கையில் கொடுத்துவிடுவான். ஊரார் குறைகளுக்கெல்லாம் மனு அடித்தவனுக்கு சொந்தக் குறை ஒன்று இருந்தது. அவனுக்கு ரயில் ஓட்ட வேண்டும்.

வெறும் ஆசை என்று நினைத்துவிடாதீர்கள். இரண்டாயிரத்து மூன்றில் ரயில்வே உதவி டிரைவர் வேலைக்கான எழுத்துப் பரீட்சையில் அவன் பாஸ் செய்திருந்தான். அதற்கு முன் எத்தனை தரம் எழுதினான் என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுவான். வயசு வரம்பு அந்த வருஷத்தோடு சரி. இது கைநழுவினால் மறுபடி விண்ணப்பம் போடவே வழியில்லை. இனி பாக்கி மருத்துவப் பரிசோதனைதான். கூப்பிடுவார்கள், ஆனால் எப்போது என்று தெரியாது. தபால்காரர் சைக்கிள் தெருமுனையில் திரும்பினாலே வாசலுக்கு ஓடிவிடுவான்.

சும்மா காத்திருந்தால் பைத்தியம் பிடித்துவிடும் என்றுதான், ரயில் ஓட்டும் கம்ப்யூட்டர் விளையாட்டில் இறங்கினான். கடை முதலாளி ஒதுக்கிப் போட்ட பழைய கம்ப்யூட்டரை வீட்டுக்குத் தூக்கி வந்தான். அவன் மனைவி எழிலரசி நர்சரி பள்ளிக்கூடத்தில் டீச்சர். வாசலிலேயே மறித்துக் கேட்டாள்.

“இன்னாங்க இது, வேல கெடைக்கறதுக்கு முன்னாடியே டூட்டிக்குக் கெளம்பிட்டீங்க?”

“கை பழகட்டும்னுதான் எழிலு” என்றான்.

கை பழகுவதற்கு முன்னால் அவன் பட்ட பாடு இருக்கிறதே! புதுசாக வாங்க வசதியில்லாதவன் சேகரிப்பில் இறங்கினால் என்னவெல்லாம் தப்பு செய்வானோ, அத்தனையும் செய்தான். சென்னையில் பழைய சாமான் விற்கும் தெருவிலிருந்து ரயில் பாதைகள் என்று எழுதிய சிடிக்களை மலிவாக அள்ளி வந்தான். வீட்டுக்கு வந்து போட்டுப் பார்த்தால் ஒன்றும் ஓடவில்லை. அவை எல்லாம் கூடுதல் பாதைகள், மூல விளையாட்டு இருந்தால்தான் ஓடும். மூல விளையாட்டு கிடைத்த பிறகு பார்த்தால், ஒரு சிடியில் இன்ஜின் இருக்கிறது, பெட்டி இல்லை. இன்னொன்றில் பெட்டிகள் வரிசையாக நிற்கின்றன, இழுக்க இன்ஜின் இல்லை. ஜப்பான் மலைப்பாதையில் ஆள் வண்டி கிடைக்காமல், கரி ஏற்றும் வேகன்களை மட்டும் மாட்டிக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போய்வந்தான்.

இந்த இடத்தில்தான் ஃபைஸ் வருகிறான். பள்ளிக்கூடத்தில் தசரதனோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன், தேரடித் தெருவில் பிரவுசிங் சென்டர் வைத்திருந்தான். “மொதல்ல ஒரு பாதைய ஒழுங்கா ஓட்டுடா. அப்புறம் சேக்கலாம்” என்று புத்தி சொன்னதும் அவன்தான், ரயில் பைத்தியங்கள் இலவசமாகப் போட்டுவைக்கும் இன்ஜின்களை, கடையில் கூட்டம் கம்மியாக இருக்கும் மத்தியான வேளையில் இறக்கி, மலிவான சிடிக்களில் எழுதிக் கொடுத்ததும் அவன்தான். இப்படித்தான் அந்தச் சேகரிப்பு வளர்ந்தது. ஒரு காலி ஸ்வீட் டப்பா நிறைய சிடி, எல்லாவற்றின் தலையிலும் மார்க்கர் பேனாவால் எழுதிய ஊர்ப்பெயர்.

வண்டியைக் கிளப்ப, வேகம் பிடிக்க, பிளாட்பாரத்தில் அலுங்காமல் நிறுத்த எல்லாம் தசரதனுக்குச் சீக்கிரமே படிந்துவிட்டது. ஒன்றே ஒன்றுதான் படியவில்லை. நன்றாகப் போய்க்கொண்டிருக்கும்போதே திரை நின்றுபோகும். சிவப்பு விளக்கைத் தாண்டிவிட்டாய், ஆட்டம் முடிந்தது என்று எழுத்து வரும்.

“எங்கடா செவப்பு?” என்று தனியாகவே கத்துவான்.

நம் ஊர் ஸ்டேஷனில் அப்போது குறுகிய மீட்டர் கேஜ் பாதைதான், சிக்னல் என்றால் கைகாட்டி. கை நேராக நீட்டியிருந்தால் நில், சாய்ந்திருந்தால் போ. சின்ன வயசிலிருந்தே அதைப் பார்த்து வளர்ந்தவனுக்கு அதில் ஒரு நாளும் குழப்பம் வந்ததில்லை. விளையாட்டிலோ தூரத்தில் ஒரு விளக்குப் புள்ளி மட்டும்தான். அது என்ன நிறம் என்பது கிட்டே போகும்வரை அவனுக்குப் பிடிபடவில்லை. கிட்டே போனாலும் சந்தேகம்தான்.

மலிவு சிடி, அதுதான் நிறம் சரியாக வரவில்லை என்று தீர்மானித்தான். ஃபைஸிடம் வேறு பிரதி கேட்டான். அதிலும் அப்படியே. வேறு நாட்டுப் பாதை கேட்டான். இங்கிலாந்து, ஆஸ்திரியா, அமெரிக்கா என்று டப்பா நிறைந்துகொண்டே போயிற்று. சிக்னல் சரியாகத் தெரிகிற ஒரே ஒரு சிடி கிடைத்துவிட்டால் போதும் என்று அலைந்தான். மானிட்டரைக்கூட மாற்றிப் பார்த்தான்.

“என் கடையில நல்லாத்தானேடா தெரியுது?” என்றான் ஃபைஸ் ஒரு தடவை.

தசரதன் அடுத்த சிடியைக் கேட்டு வாங்கிக்கொண்டான். அவன் நெஞ்சுக்குள் ஒரு மூலையில் அப்போதே ஏதோ உறுத்தியது. அதைத் தோண்டிப் பார்க்கப் பயந்தான். சிடியின் மேல் பழி போடும்வரைக்கும் நிம்மதி.

ஆயுத பூஜை வந்தது. எழிலரசி வீட்டிலிருந்த அரிவாள்மனையிலிருந்து கம்ப்யூட்டர் வரை எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம் வைத்தாள். புருஷன் இத்தனை அருமையாகச் சேர்த்த சிடிக்களை மட்டும் விட்டுவிடலாமா? எழுதிய பக்கம் பொட்டு வைத்தால் பெயர் அழிந்துவிடுமே என்று யோசித்து, திருப்பிப்போட்டு, பளபளவென்று இருந்த பக்கத்தில் ஒவ்வொன்றுக்கும் பக்தியாகப் பொட்டு வைத்தாள். பூஜையறையில் அடுக்கி, கற்பூரமும் காட்டினாள். மலிவு சிடி என்பதால் அந்தப் பளபளப்பு நல்ல பச்சையாக இருக்கும்.

மறுநாள் விஜயதசமி. புதுசாகத் தொடங்கினால் நல்லது என்று தசரதன் ஒரு சிடியை எடுத்துத் துணியால் ஒற்றிவிட்டுப் போட்டான். டிரைவ் கரகரவென்று இழுத்தது. இன்னொன்றைப் போட்டான். அது இன்னும் மோசம். மூன்றாவதோடு டிரைவே வாயைத் திறக்க மறுத்தது. டப்பாவைத் தூக்கிக்கொண்டு நேரே தேரடித் தெருவுக்குப் போய்ச் சண்டைக்கு நின்றான்.

“இன்னாடா சிடி குடுத்துக்கீற நீ? ஒண்ணுகூட ஓடல!”

ஃபைஸ் ஒன்றை எடுத்துத் திருப்பினான். சிரிப்பை அடக்க முடியாமல் மேஜையைத் தட்டினான்.

“டேய், இவ்ளோ குங்குமத்த அப்பிட்டு உள்ள போட்டா எப்டிடா ஓடும்? கண்ணு தெரியல?”

“எங்க?”

“இதோ, என் வெரலுக்குக் கீழ. ரத்தச் செவப்பா.”

தசரதன் குனிந்து பார்த்தான். காய்ந்து உதிர்ந்த சந்தனத்தின் மிச்சம் தெரிந்தது. மற்றபடி முழுக்க ஒரே நிறம்தான். ஃபைஸின் விரலைப் பார்த்தான், சிடியைப் பார்த்தான். சாய்த்துப் பார்த்தபோது, தூள்தூளாக ஏதோ ஒட்டியிருப்பது மட்டும் புரிந்தது.

ஃபைஸின் சிரிப்பு நின்றுவிட்டது. விளையாட்டைத் தன் கம்ப்யூட்டரில் திறந்து, ஒரு சிக்னலுக்கு முன் வண்டியை நிறுத்தினான்.

“இது இன்னா கலர்?”

“பச்ச... மஞ்சளா?”

“யா அல்லாஹ்” என்றான் ஃபைஸ். ஸ்டூலில் உட்கார்ந்த தசரதன் வெகுநேரம் எழுந்திருக்கவில்லை. அவனுக்குப் பயமாக இருந்தது.

சிவப்பும் பச்சையும் தனக்குப் பிரிந்து தெரியவில்லை என்று எழிலரசியிடம் சொன்னபோது அவள் முதலில் நம்பவில்லை. தன் புடவைகளை ஒவ்வொன்றாகக் காட்டிக் கேட்டாள். முதல் வருஷ தீபாவளிக்கு ஆசையாக எடுத்துக் கொடுத்த அரக்கு நிறப் புடவையை அவன் இத்தனை நாளாகப் பச்சை என்றே நினைத்திருந்தது தெரிந்ததும் கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். ஆனால் லேசில் விடுகிற ஆள் இல்லை அவள்.

“ஆஸ்பத்திரில இன்னா கேப்பாங்க? புள்ளிப் பொஸ்தகம் காட்டுவாங்களாமே, கலர் புள்ளிக்குள்ள ஒளிஞ்சிருக்கற நம்பரச் சொல்லணுமாம், அதான? மனப்பாடம் பண்ணிடலாங்க. எங்க இஸ்கூல் புள்ளைங்களே பண்ணுது.”

அந்தப் புள்ளிப் படங்களை ஃபைஸ் எங்கிருந்தோ தேடி எடுத்தான். அச்சடித்துக் கொடுத்தான் பாருங்கள், அவன் பிரிண்டர் கறுப்பு வெள்ளை! யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. பிறகு படங்களை சிடியில் எழுதிக் கொடுத்தான். எழிலரசி பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பாடம் ஆரம்பித்தது. நிறத்தை விட்டுவிட்டு, புள்ளிகள் அமைந்திருக்கும் விதத்தை அடையாளம் வைத்துச் சொல்லிக் கொடுத்தாள்.

“மேல ஓரமா பெரிய புள்ளி ரெண்டு ஒட்டிட்டு கீதா? அப்ப எழுபத்திநாலு. மறக்காதீங்க.”

அவன் மறக்கவில்லை. பயந்தவனுக்கு ஞாபகசக்தி ஜாஸ்தி. கொஞ்ச நாளில் எந்தப் படத்தைக் காட்டினாலும் பட்டென்று எண்ணைச் சொன்னான். எழிலரசி கைதட்டினாள். அவனுக்கு மட்டும் ராத்திரியில் தூக்கம் பிடிக்கவில்லை. மாட்டிக்கொள்வோமோ என்ற பயம் ஒரு பக்கம், மாட்டிக்கொள்ளாவிட்டால் என்ன ஆகும் என்ற பயம் இன்னொரு பக்கம். ரெண்டாவதை வெளியே சொல்லவில்லை.

மருத்துவப் பரிசோதனைக்கு அழைப்பு வந்த வாரம், ஞாயிறு மத்தியானம், எழிலரசி தானாகவே வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். “ஓட்டுங்க. நான் சிக்னல் சொல்றேன்.”

சிவப்பைத் தாண்டினாலும் ஆட்டம் நிற்காதபடி மாற்றி வைத்துவிட்டு ஓட்டினான். “பச்சை... பச்சை... மஞ்சள், மெதுவா போங்க... செவப்பு, நில்லுங்க!” அவள் சொல்லச் சொல்ல, ஆஸ்திரியப் பாதை முழுவதும் ஒரு தடங்கலும் இல்லாமல் வண்டி போயிற்று. அத்தனை நாளில் அது முதல் தடவை. ரெண்டு பேருக்கும் சந்தோஷம் தாங்கவில்லை. அதே பாதையில் வண்டி திரும்பி வரும்போது அடுப்பில் பால் பொங்கும் சத்தம் கேட்டு எழிலரசி எழுந்து ஓடினாள். தசரதன் விளக்கைப் பார்த்தான். பச்சைதான் என்று நினைத்தான். முன்னால் நின்றிருந்த பாசஞ்சர் வண்டி கண்ணுக்குத் தெரிந்தபோது பிரேக் போட்டு என்ன பயன்? பெட்டிகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிச் சரிந்தன.

எழிலரசி பால் பாத்திரத்தோடு வந்து எட்டிப் பார்த்தாள். “பரவால்ல, விளையாட்டுதானே” என்றாள். அவன் கம்ப்யூட்டரை அணைத்தான்.

சென்னையில் ரயில்வே ஆஸ்பத்திரி. உயரம், நெஞ்சு, ரத்தம் எல்லாம் முடிந்து கண் பரிசோதனைக்கு வந்தான். டாக்டரம்மா புத்தகத்தைத் திறந்து ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினார். பன்னிரண்டு. எட்டு. இருபத்தொன்பது. எழுபத்திநாலு. ஒன்றுகூடத் தவறவில்லை. டாக்டரம்மா ஏதோ குறித்துவிட்டு, “சரி, அடுத்த ஆள வரச் சொல்லு” என்றார்.

கதவுவரை போனான். கைப்பிடியில் கை வைத்தான். அவ்வளவுதான், திறந்து வெளியே போய்விட்டால் வேலை அவனுக்கு. திரும்பி வந்தான்.

“மேடம், பொஸ்தகத்தத் தலகீழா வெச்சுக் கேளுங்க.”

“என்னது?”

“ஒரு தடவ. தலகீழா வெச்சு.”

அவர் அவனையே பார்த்தார். புத்தகத்தைத் திருப்பி ஒரு பக்கத்தைக் காட்டினார். தசரதன் முழுமனசோடு பார்த்தான். ஏதாவது தெரிந்துவிடாதா என்று அப்போதும் ஆசையாகத்தான் இருந்தது. புள்ளிகள், வெறும் புள்ளிகள்.

“தெரியல மேடம்.”

“இத்தன பேர் இதுக்காக அலையறாங்க. நீ எதுக்குப்பா திரும்பி வந்த?”

“பௌர்ணமிக்கு மலை சுத்த எங்க ஊருக்கு வர வண்டில, படியில எல்லாம் ஒக்காந்துட்டு வருவாங்க மேடம்” என்றான்.

வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது எழிலரசி வாசலிலேயே நின்றிருந்தாள். முகத்தைப் பார்த்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது.

“நான் சொல்லிக் குடுத்தது தப்பா பூடுச்சா?”

“இல்ல எழிலு. எல்லாமே சரியா வந்துச்சு. நான்தான் தெரியாதுன்னு சொல்லிட்டேன்.”

அவளுக்குக் கோபம் வந்தது, வராதா பின்னே? கையில் இருந்த சொம்பைத் தரையில் ஓங்கி வைத்துவிட்டு உள்ளே போனாள். சமையலறையில் அழும் சத்தம் கேட்டது. அவனும் கூடத்தில் உட்கார்ந்து அழுதான், கலெக்டரிடம் மனு கொடுக்க வருகிறவர்கள் அழுவார்களே, அதுபோல வெட்கமில்லாமல். இருட்டத் தொடங்கும் நேரத்தில் அவள் வெளியே வந்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு, அவனுக்கு எதிரே உட்கார்ந்தாள்.

“சொல்லாம வேல வாங்கிட்டு வந்திருந்தா, நீங்க ஓட்டற வண்டில நான் ஏறியிருப்பேனான்னு யோசிச்சுப் பாத்தேன்” என்றாள். “ஏறியிருக்க மாட்டேங்க.”

பிறகு எழுந்துபோய்ச் சோறு போட்டாள்.