மெர்ஸி பாடிய கோரஸ்

சர்ச் பாடகர் குழுவில் பாடிவந்த என் தங்கை மெர்ஸி, ஒரு பாப் பாடகியின் ஆல்பத்தில் கோரஸ் பாடினாள். அது வெளிவருவதற்குள் காய்ச்சலில் இறந்துபோனாள். அந்த ஆல்பத்தைக் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

சென்ற மாதம் தாம்பரத்தில் ஏறிய ஷேர் ஆட்டோவில் அந்தப் பாட்டுகள் ஓடின. முடிச்சூரில் என் நிறுத்தம் வந்தபோது, பாடகியின் குரலுக்கு அடியில் மெர்ஸியின் குரல் கேட்டது. நான் எழவில்லை.

“இன்னாக்கா, எறங்கலியா?” என்றார் ஓட்டுநர்.

“பின்னாடி பாடுறது என் தங்கச்சி. இப்ப அவ இல்லண்ணா.”

அவர் உடனே இன்ஜினை அணைத்தார்.

“யோவ், டூட்டிக்கு லேட்டாவுதுய்யா!” என்றார் பக்கத்தில் இருந்தவர்.

“இரு சார், பாட்டு முடியட்டும்.”

முடியும்வரை கேட்டேன்.

இப்போது அதை வீட்டிலும் கேட்கிறேன். கேட்பதற்கு முன் மின்விசிறியை நிறுத்திவிடுகிறேன். அவள் குரல் அவ்வளவு மெல்லியது.