நான்கு விரற்கடை

மார்ச் பதினான்காம் தேதி, வியாழக்கிழமை, முற்பகல் பதினொரு மணிக்கு மாடிப்படியில் பொருத்தி முடிக்கப்பட்ட இரும்புக் கைப்பிடியின் கம்பிகளுக்கு இடையே நான்கு விரற்கடை இடைவெளி இருக்க வேண்டும் என்று எழுத்தில் கேட்டிருந்தும், பதினாறு சென்டிமீட்டர் இடைவெளி விடப்பட்டிருக்கிறது. ஒன்றரை வயதுக் குழந்தையின் தலை அதில் தாராளமாக நுழையும். இதற்குப் பட்டறைக்காரரே முழுப் பொறுப்பு.

தையற்காரி தன் கோப்பின் நாற்பத்தோராம் பக்கத்தில் எழுதிய குற்றச்சாட்டு இவ்வளவுதான். கார்பன் தாளை உருவி, நகலைத் துளையிட்டுக் கோத்த பிறகுதான் அவள் தண்ணீர் குடித்தாள்.

தெருவில் அவளுக்கு ‘ரசீதக்கா’ என்று பெயர். அந்தப் பெயர் வந்ததற்கும் ஓர் அநீதிதான் காரணம். ஒரு பள்ளிக்கு நாற்பது சீருடைகள் தைத்துக் கொடுத்தபோது, வந்து சேரவே இல்லை என்று அலுவலகத்தில் சாதித்துவிட்டார்கள். பதினைந்து நாள் நடையாய் நடந்தாள். கடைசியில் மூட்டை அவர்களுடைய அலமாரியிலேயே கிடைத்தது. ஒருவரும் வருத்தம் தெரிவிக்கவில்லை. அன்றிலிருந்து அவள் வாசற்படியைத் தாண்டும் எந்தத் துணியும், உள்ளே வந்தாலும் வெளியே போனாலும், ஒரு கையெழுத்தோடுதான் தாண்டும்.

தையலை அவளுக்கு யாரும் கற்றுத் தரவில்லை. பழைய தாள் கடையில் எடைக்குக் கிடந்த ஒரு புத்தகம்தான் ஆசான். அட்டை இல்லை, முதல் பன்னிரண்டு பக்கங்களும் இல்லை. மிச்சப் பக்கங்களில் எல்லா அளவுகளும் விரற்கடையில் இருந்தன. தோளிலிருந்து மூன்று விரற்கடை இறக்கு, ஓரத்தில் ஒரு விரற்கடை விட்டு மடி. அந்தச் சொல்லை அவள் யாரிடமும் வாய்விட்டுச் சொன்னதில்லை. தனியாக வேலை செய்பவளுக்கு யாரிடம் சொல்ல வேண்டியிருக்கிறது?

கீழே கடை, மேலே வீடு, நடுவே பதினான்கு படிகள். ஒரு பக்கம் சுவர், மறுபக்கம் வெறும் காற்று. தைத்த உடுப்புகளைத் தோளில் போட்டுக்கொண்டு, சுவரை உரசியபடியே பதினோரு வருடம் ஏறி இறங்கிவிட்டாள். மாடியின் பின்னறை மட்டும் ஆள் இல்லாமல் கிடந்தது. தங்கைக்கு இந்த ஊரில் வேலை கிடைத்த பிறகுதான் அந்த அறைக்குப் பேச்சு வந்தது.

“ரூம் நல்லாத்தான் இருக்கு, அக்கா. அந்தப் படிக்குத்தான் யோசிக்கிறேன். பாப்பா இப்பல்லாம் நடக்கிறதே இல்லை, ஓட்டம்தான்” என்றாள் தங்கை தொலைபேசியில்.

“கைப்பிடி போட்டுடறேன்.”

“சும்மா பேருக்குப் போட்டா போதாது. தலை நுழையக் கூடாது. கால் வெச்சு ஏறக் கூடாது. முப்பதாம் தேதிக்குள்ள ஆச்சுன்னா உன்கிட்ட வரேன். இல்லைன்னா ஆபீஸ் பக்கத்துல பார்த்து வெச்ச வீட்டுக்குப் போயிடறேன். கோவிச்சுக்காதே.”

“கோபமெல்லாம் இல்லை. குறிச்சுக்கிட்டேன்.”

“குறிக்காம இருந்தாத்தான் அதிசயம்.”

அன்று முதல் தையல் இயந்திரத்தின் ஓசை அவளுக்கு மாறிக் கேட்டது. சக்கரம் சுழலச் சுழல, தலைக்கு மேலே சின்னப் பாதங்கள் அறையின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு ஓடின. மிதியிலிருந்து காலை எடுத்தால் அவையும் நின்றன. மதியத் தூக்கத்தின் கரையில், பின்னறைத் திரை யாரோ ஒளிந்திருப்பதுபோல் உப்பியது. கைகள் தாமாகவே ஒரு கவுனை வெட்டிக்கொண்டிருந்தன. அது மாதம் ஒரு விரற்கடை வீதம் நீண்டுகொண்டே போயிற்று.

குழந்தைக்குத் தொப்பி தைத்தபோது எடுத்த அளவு பதிவேட்டில் இருந்தது: தலைச்சுற்று நாற்பத்தாறு சென்டிமீட்டர். அதே சுற்றளவில் வெட்டுத் துண்டுகளைத் திணித்து ஒரு பந்து தைத்து வைத்திருந்தாள். கைப்பிடியைப் பொருத்திவிட்டுப் பட்டறைக்காரர் போனதும் அதை ஏழாம் படியில் வைத்து ஒரு விரலால் தள்ளினாள். எந்தக் கம்பியையும் தொடாமல் அது வெளியே போயிற்று. வெயிலில் ஒரு கணம் நின்று யோசித்ததுபோல் இருந்தது. பிறகு தண்ணீருக்குள் அமிழ்வதுபோல் இறங்கித் தரையைச் சேர்ந்தது. சத்தமே இல்லை. சத்தம் கேட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள்.

மறுநாள் பட்டறைக்காரர் வந்தார். ஆறடி உயரம், அதற்கேற்ற அகன்ற கை.

“என்ன டெய்லரம்மா, ஆள் விட்டுக் கூப்பிட்டிருக்கீங்க? கம்பி ஏதும் ஆடுதா?”

“ஆடலை. உட்காருங்கண்ணே. வாசிக்கிறேன்.”

“வாசிக்கவே போறீங்களா? அப்ப நான் ஒழிஞ்சேன்.”

அவள் நாற்பத்தோராம் பக்கத்தை முற்றுப்புள்ளி வரை வாசித்தாள். அவர் சட்டைப் பையிலிருந்து எண்ணெய்க் கறை படிந்த ஒரு தாளை எடுத்துப் பிரித்தார்.

“நீங்க குடுத்த சீட்டுதானே? பத்திரமா வெச்சிருக்கேன். உங்க சீட்டைத் தொலைச்சிட்டு இந்தத் தெருவுல நடமாட முடியுமா?”

“அதுல என்ன இருக்கு? படிங்க.”

“நான்கு விரல், கடை. நாலு விரல். கடைன்னா கடைசி.” அவர் கையை விரித்துக் காட்டினார். “ஆள்காட்டி விரல்லேருந்து கடைசி விரல் நுனி வரைக்கும். ஒவ்வொரு கம்பிக்கும் இந்தக் கையை வெச்சுத்தான் நிறுத்தினேன். ஒரு நூல் பிசகியிருந்தா கேளுங்க.”

“விரற்கடைன்னா விரலோட அகலம்.”

“அப்படின்னு யார் சொன்னா?”

அவளுக்கு யாருமே சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அந்தத் தொலைந்த பன்னிரண்டு பக்கங்களில்தான் சொல்லியிருக்கும். பத்தொன்பது வயதில் இதேபோல் விரல்களை விரித்து அளந்து அவள் வெட்டிய முதல் சட்டையின் கழுத்து, இரண்டு தோள்களையும் தாண்டி நழுவியது. மூன்று சட்டைகளைப் பாழாக்கிய பிறகுதான் விரல்களைச் சேர்த்துப் பார்க்கத் தோன்றிற்று. அதை அவள் எந்தக் கோப்பிலும் எழுதி வைக்கவில்லை.

அவள் பேனாவை எடுத்து, நாற்பத்தோராம் பக்கத்தில் ‘முழுப் பொறுப்பு’ என்பதில் ‘முழு’வை அடித்து, ‘பாதி’ என்று எழுதினாள்.

“மீதிப் பாதி?”

“என்னுது.”

“எனக்கு மட்டும் எதுக்குப் பாதி?”

“புரியலைன்னா கேட்டிருக்கணும்.”

“உங்ககிட்டயா? கேள்வியையும் எழுதிக் குடுன்னு சொல்லியிருப்பீங்களே.”

அவள் சிரித்துவிட்டாள். எழுந்து போய், நான்கு விரல்களைச் சேர்த்து ஓர் இடைவெளியில் வைத்தாள். பாதியைத் தாண்டவில்லை. அவர் குனிந்து பார்த்தார்.

“நடுவுல ஒவ்வொரு கம்பி சொருகிட்டா உங்க கணக்கு வந்துடும்.”

இருபத்திரண்டு இடைவெளிகள், இருபத்திரண்டு கம்பிகள். துணிகளையெல்லாம் மூடிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பி அவள் உட்கார்ந்திருந்தாள். பற்றவைப்பின் நீல வெளிச்சம் சுவரில் பூத்துப் பூத்து அணைந்தது. வேலை முடிந்ததும் பட்டறைக்காரர் பந்தை ஓர் இடைவெளியில் வைத்து முஷ்டியால் குத்திப் பார்த்தார். அது நகரவில்லை. அவள் கையில் மெல்லிய துணியைச் சுற்றிக்கொண்டு மேல்கம்பியைக் கடைசிவரை தடவினாள். துணி சிக்கிய மூன்று இடங்களில் அவர் அரம் போட்டு வழவழப்பாக்கினார். வர்ணம் உலர்ந்த அன்று மாலை, கம்பிகளின் நிழல் படிகளில் நெருக்கமாகக் கோடு போட்டிருக்க, அவள் ஏழாம் படியில் உட்கார்ந்து எழுதினாள்:

‘மார்ச் இருபத்திரண்டு. அன்புள்ள தங்கைக்கு. இடைவெளி எந்த இடத்திலும் ஏழரை சென்டிமீட்டரைத் தாண்டாது. ஒவ்வொன்றையும் நானே அளந்தேன். கால் வைத்து ஏறக் குறுக்குக் கம்பி கிடையாது. முதலில் பொருத்தியதில் பிழை இருந்தது. அதில் பாதி என்னுடையது என்பதை இதன் மூலம் ஒப்புக்கொள்கிறேன். சுவர்ப் பக்கம், என் முழங்காலுக்குச் சற்று மேலே, உன் மகளின் கைக்கு எட்டும்படி இன்னொரு சிறிய கைப்பிடியும் உள்ளது. அதை நீ கேட்கவில்லை. நீங்கள் இருவரும் வரும் தேதியையும் நேரத்தையும் முப்பதாம் தேதிக்குள் எழுத்து மூலம் தெரிவிக்கவும். தொலைபேசியில் சொல்லும் “பார்க்கலாம்” பதிலாக ஏற்கப்பட மாட்டாது.’