ஊர் திரும்பியபோது கிளம்பியவள்

ஒரு காலத்தில் வாடகை கொடுத்துக் குடியிருந்த வீட்டைப் பார்க்க, போன வாரம் டிக்கெட் வாங்கினேன். மயிலாப்பூரில் பேர்பெற்ற வக்கீல் ஒருவரின் வீடு அது; இப்போது மியூசியமாக்கியிருக்கிறார்கள். முழங்கால் வலியோடு நான் செருப்பைக் கழற்றுவதற்குள் கூட வந்தவர்கள் கூடத்தையே பார்த்து முடித்துவிட்டார்கள். தரையெல்லாம் பினாயில் வாசனை. அப்போதெல்லாம் அங்கே காபிக்கொட்டை வறுபடும் வாசனைதான். வறுப்பவள் விசாலம், வக்கீலின் மருமகள்.

சாந்தோமில் டீச்சர் வேலை கிடைத்து நான் மாடி அறைக்கு வந்தபோது அவள் கணவர் ரங்கூனில் இருந்தார். பிறகு அங்கே ஜப்பான்காரனின் குண்டு விழுந்தது. அடுத்தது மதராஸ்தான் என்று ஊரே மூட்டை கட்டியது. ஜன்னல்களில் கறுப்புத்தாள் ஒட்டினோம். பகலிலும் வீடு இருண்டு கிடந்தது. வக்கீல் குடும்பம் கும்பகோணம் கிளம்பியது. விசாலம் நகரவில்லை.

"அவர் நடந்தே வந்துண்டிருப்பார். பூட்டின ஆத்தையா வந்து பாக்கணும்?"

மாமனார் கத்திப் பார்த்தார். ரயிலுக்கு நேரமாகிவிட்டது. போக்கிடமில்லாத என்னைத் துணைக்கு விட்டுவிட்டுப் போனார்.

ஒரு மத்தியானம், காலில் கந்தல் சுற்றிய ஒருவர் வந்தார். பர்மாவிலிருந்து விசாலத்தின் கணவரோடு நடந்தவராம். விசாலம் முதலில் சோறு போட்டாள். அவர் கை கழுவிய பிறகுதான் கேட்டாள்.

"காட்டுல காய்ச்சல் கண்டுதும்மா. 'முன்னால போங்க, வந்துடறேன்'னாரு. அப்புறம் நான் பாக்கல."

"வந்துடறேன்னுதானே சொன்னார்?" என்றாள் விசாலம்.

பயந்தபடி எதுவும் நடக்காமல் ஊர் மெல்லத் திரும்பியது. வக்கீல் குடும்பமும் வந்தது. விஷயம் தெரிந்ததும் மாமியார் விசாலத்தின் பொட்டையே பார்த்தாள். உடல் கிடைக்காவிட்டால் தர்ப்பையில் உருவம் செய்து காரியம் பண்ணலாம் என்றார் சாஸ்திரிகள். நாள் குறித்தார்கள். அதன்பின் விசாலம் வந்தாலே பேச்சு நின்றுவிடும். கொல்லை அறையை ஒழித்துக் கழுவினார்கள். அந்த வீட்டில் யாரும் உடுத்தாத வெள்ளைப் புடவை ஒன்று கொடியில் காய்ந்தது.

"டீச்சர், எங்கண்ணா நாக்பூர்ல இருக்கார். என்னை ரயிலேத்தி விடுவேளா?"

மறுநாள் காலை, கோயிலுக்கு என்று சொல்லி இறங்கினோம்.

"இன்னாம்மா, ஓடுனவங்கல்லாம் திரும்பி வந்துக்கினு கீறாங்க, நீங்க போறீங்களே!" என்று சிரித்தார் ரிக்‌ஷாக்காரர். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சென்ட்ரல் வரும்வரை விசாலம் பின்னால் திரும்பிப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

சாயங்காலம் என் பெட்டி வாசலில் கிடந்தது. யாரும் எதுவும் கேட்கவில்லை, அவளைத் தேடவுமில்லை. நாக்பூரில் நர்ஸாகி, கடைசிவரை பொட்டோடு இருந்தாள் என்று பின்னாளில் அவள் அண்ணா சொன்னார்.

மியூசியத்தில் அவள் கணவரின் படத்துக்குச் சந்தனமாலை போட்டிருக்கிறார்கள். "இவர் பர்மால இறந்துட்டார். கல்யாணம் ஆகலை" என்றாள் சுற்றிக்காட்டும் பெண்.

"ஆச்சும்மா. அவ பேரு விசாலம்."

அந்தப் பெண் சுவரில் மாட்டியிருந்த வம்சாவளிப் பட்டியலைப் பார்த்தாள். "அப்படி யாரும் இந்தக் குடும்பத்துல இல்லையே, பாட்டி."