கூரை வழியாக வந்த அப்பா

என் அப்பா எங்கள் வீட்டுக்குள் வந்ததை நான் நேரில் பார்த்திருக்கிறேன். ஓட்டைப் பிரித்துக் கூரை வழியாக வந்தார். திருடர்கள் அப்படி வருவார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். ஆனால் இவர் வந்தது பட்டப்பகலில், ஊரே கூடி நிற்க, மேளம் கொட்ட. அப்போது எனக்கு எட்டு வயது. அந்தக் கூட்டத்தில் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் நின்றவள் நான் ஒருத்திதான் என்று வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் ஊர் திருச்செங்கோட்டு மலையைப் பார்த்தபடி கிடக்கும் மேட்டுக்காடு. சோளமும் கடலையும்தான் விளைச்சல். கிணற்றில் எருது பூட்டித் தண்ணீர் இறைக்கும்போது உருளை கிறீச்சிடுவதைத் தவிர அங்கே பெரிய சத்தம் எதுவும் கிடையாது. நான் தொட்டிலில் கிடந்த நாளில் ஒருமுறை, எருதுகளை வெயிலில் நிறுத்திவிட்டான் என்று பெரியப்பா என் அப்பாவை ஆட்களுக்கு முன்னால் சாட்டையால் அடித்துவிட்டாராம். அப்பா எருதுகளை அவிழ்த்து நிழலில் கட்டினார், தண்ணீர் காட்டினார், அப்படியே நடந்து போய்விட்டார்.

அதற்கப்புறம் ஆட்டையாம்பட்டிச் சேலை வியாபாரி ஒருவர் மூலம் தகவல் வந்தது. நாகப்பட்டினம் துறைமுகத்தில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்த நம் பக்கத்து ஆள் ஒருவன் வாந்திபேதியில் போய்விட்டான், நெட்டையாள், காதில் கடுக்கன் என்றார் அவர். எங்கள் பக்கத்தில் நெட்டை ஆளுக்கும் பஞ்சமில்லை, கடுக்கனுக்கும் பஞ்சமில்லை. ஆனாலும் பெரியப்பா உடனே நம்பினார். தம்பி செத்துப்போயிருந்தால் அது வாந்திபேதியின் குற்றம். உயிரோடு எங்கோ இருந்தால் சாட்டையின் குற்றமல்லவா? தலையை மழித்துக்கொண்டு கருமாதி செய்தார். ஊருக்கே சோறு போட்டார். அம்மாவுக்கு வெள்ளைச் சீலை வந்தது. அப்போது அவளுக்கு இருபது வயதுகூட ஆகியிருக்காது.

எனக்கு இதனால் ஒரு குறையும் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். அப்பன் முகம் பார்க்காத பிள்ளை என்று எந்த வீட்டுக்குப் போனாலும் ஒரு கைப்பிடிக் கடலையோ வெல்லக் கட்டியோ கிடைக்கும். விளையாட்டில் தோற்றாலும் என்னை யாரும் அதட்டமாட்டார்கள். செத்துப்போன அப்பாவோடு நான் சௌகரியமாகத்தான் இருந்தேன்.

ஆடி மாசத்துக் காற்றில் ஒருநாள் உச்சிப்பொழுதில் அவர் வந்து சேர்ந்தார். சங்ககிரி ரயிலடியிலிருந்து நடந்தே வந்திருந்தார். தோளில் ஒரு மூட்டை. அதிலிருந்து கருவாட்டு நாற்றம் காற்றில் வாசலெல்லாம் பரவியது. அம்மா உரலில் கம்பு இடித்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். கத்தவில்லை, ஓடவில்லை. உலக்கையைச் சுவரில் சாத்திவிட்டு, தலையில் முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு பார்த்தபடியே நின்றாள். பெரியம்மாதான் உள்ளேயிருந்து ஓடிவந்து கத்தினாள்.

“வாசப்படிய மிதிச்சறாதீங்க! உங்களுக்குக் கருமாதி பண்ணியாச்சுங்க!”

“சரீங்க,” என்று சொல்லி அப்பா எடுத்த காலைப் பின்னுக்கு வைத்துக்கொண்டார்.

காட்டில் சோளத்தட்டு வேய்ந்த சாளைக் குடிசை ஒன்று இருந்தது. ஊர் கூடி முடிவு சொல்லும்வரை அவரை அதில் தங்கச் சொன்னார்கள். இப்படி ஒரு சங்கதி எங்கள் ஊரில் அதற்குமுன் நடந்ததில்லை. ஆத்தூர்ப் பக்கம் இப்படி ஒருவர் திரும்பி வந்ததாகவும், அவரைக் கூரை வழியாக வீட்டுக்குள் இறக்கி மறுபடி பிறந்தவராக ஆக்கிக்கொண்டதாகவும் யாரோ யாரிடமோ கேட்டதாக ஒருவர் சொன்னார். அதுவே சாஸ்திரமாகிவிட்டது. அவர் பிறந்த கையோடு அம்மாவுக்கு மறுபடி தாலி கட்டிவிடுவது, வெள்ளையைக் களைந்துவிடுவது என்றும் பேசி முடித்தார்கள். அம்மாவின் அப்பாவான அப்புச்சி இதைக் கேட்டதும் செங்காவி நிறத்தில் ஒரு சீலை வாங்கிக்கொண்டு வந்துவிட்டார்.

குறித்த நாளில் ஓட்டைப் பிரித்தார்கள். கிணற்று வடத்தை இடுப்பில் கட்டி, ஈர வேட்டியோடு அப்பாவை இறக்கினார்கள். மூட்டை தூக்கித் தூக்கி அகன்றுபோன தோள், கூரையின் இரண்டு கைமரங்களுக்கு நடுவில் சிக்கிக்கொண்டது. தலை வெயிலில், கால்கள் எங்கள் வீட்டுக்குள். மேலே இருந்தவர்கள் அமுக்கினார்கள். கீழே இருந்தவர்கள் காலைப் பிடித்து இழுத்தார்கள்.

“புள்ளை கொஞ்சம் பெருசுங்கோ!” என்று கூட்டத்தில் ஒரு குரல் கேட்டது. ஊரே சிரித்தது.

ஒருவழியாக வந்து விழுந்தார். தோளில் தோல் உரிந்து ரத்தம் கசிந்தது. பிறந்த குழந்தையின் நாக்கில் சர்க்கரைத் தண்ணீர் தொட்டு வைப்பதைச் சேனை என்போம். பெரியம்மா அந்த மீசைக்கார மனுசரின் வாயில் சேனை வைத்தாள். அவரும் குழந்தைபோல வாயைத் திறந்தார். என் கூட்டாளி ஒருத்தி என் விலாவில் குத்தி, “உன்ர அய்யனுக்கு இன்னிக்குத்தான் ஒரு நாளு ஆவுது. நீ அவருக்கு அக்காளாடி?” என்றாள். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. செத்தவர் செத்தவராகவே இருந்திருக்கக் கூடாதா என்று நினைத்தேன்.

அடுத்தது தாலி. எங்கள் பக்கத்துக் கல்யாணங்களை நடத்திவைக்கிற பெரியவரை அருமைக்காரர் என்போம். அதுவரை பேசாமல் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த அவர் அப்போதுதான் வாயைத் திறந்தார்.

“பொறந்தாச்சுங்களா?”

“ஆச்சுங்க,” என்றார் பெரியப்பா.

“அப்ப இவரு புது மனுசன். இந்த அம்மிணியக் கட்டுனவரு செத்த மனுசன். புது மனுசன் தாலி கட்டுனா அது அறுத்தவளுக்கு மறுதாலி கட்டறதா ஆயிருமுங்களே. நம்ம சனத்துல அது இல்லீங்க. மொதல்ல தாலியக் கட்டிப்போட்டு, அப்பறமில்ல மேல ஏத்தியிருக்கோணும்?”

செத்தவன் எப்படித் தாலி கட்டுவான் என்று ஒருவரும் கேட்கவில்லை. பெரியப்பா மட்டும் மெதுவாக, “வேணுமின்னா இன்னொருக்கா ஏத்தி எறக்கிக்கலாமுங்களா?” என்று கேட்டார்.

“ரெண்டுவாட்டி பொறக்க முடியுமுங்களா?” என்று கேட்டுவிட்டு அருமைக்காரர் எழுந்து கையைக் கழுவப் போய்விட்டார். சமைத்த சோறு வீணாகக் கூடாது என்று பந்தி நடந்தது. எல்லாரும் வயிறாரச் சாப்பிட்டார்கள். உள்ளறையில் அம்மா மடியில் கிடந்த செங்காவிச் சீலையை மடிப்புக் கலையாமல் எடுத்து அப்புச்சியிடம் திருப்பிக் கொடுத்தாள். அப்புச்சி வாங்கமாட்டேன் என்று அழுதார். அவள் அழவில்லை.

அதன்பிறகு அப்பா சாளையிலேயே இருந்துகொண்டு எங்கள் காட்டில் வேலை செய்தார். அம்மா மத்தியானம் கம்மஞ்சோறு கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வருவாள். வரும்போது அவள் முகம் வேறுமாதிரி இருக்கும். கொஞ்ச நாளில் கிணற்றடியில் பேச்சுக் கிளம்பியது. வெள்ளைச் சீலைக்காரி ஒருத்தி ஆம்பளை இருக்கிற சாளைக்குத் தனியாகப் போய்வருகிறாளாம், கொஞ்சமாவது வெட்கம் வேண்டாமா என்று. அந்த ஆம்பளை யார் என்பது பேசிய எல்லாருக்கும் தெரியும். பெரியப்பா காதுக்கு எட்டியது. இனிமேல் அம்மா காட்டுப்பக்கமே போகக் கூடாது, சோறு நான் கொண்டுபோக வேண்டும் என்று உத்தரவாயிற்று.

நான் யார் கண்ணிலும் படாமல் சோளக்காட்டுக்குள் நுழைந்து நுழைந்து போவேன். சட்டியை வைத்துவிட்டு அந்தப் பக்கம் திரும்பி நின்றுகொள்வேன். அவர் பேச்சில் கடற்கரைச் சீமை வாடை அடித்தது. அதுவும் எனக்கு அவமானமாக இருந்தது. “வெயில்ல வந்தியா சாமி?” என்பார். பதில் சொல்லமாட்டேன். “உங்கம்மா சாப்ட்டாளா?” என்பார். அதற்கும் சொல்லமாட்டேன். வீட்டுக்கு வந்ததும் அம்மா, அய்யன் என்ன சொன்னார் என்று கேட்பாள். ஒன்றுமில்லை என்பேன்.

சோளம் கதிர் பிடித்த சமயத்தில் ஒருநாள், அப்புச்சி வீட்டுக்குப் போய்வரலாம் என்று அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு புறப்பட்டாள். பாதி வழியில் தடம் மாறிச் சங்ககிரிப் பக்கம் திரும்பினாள். தூரத்தில் ஒரு புளியமரத்தடியில் அப்பா மூட்டையோடு நின்றிருந்தார். இருவரும் எப்போது பேசிவைத்துக்கொண்டார்களோ, எனக்குத் தெரியாது. நாகப்பட்டினத்துக்குப் போகிறோம் என்று அங்கேதான் எனக்குச் சொன்னார்கள். அப்பா துணிப்பொட்டலம் ஒன்றைக் கொடுத்தார். அம்மா அதை வாங்கிக்கொண்டு சோளக்காட்டுக்குள் போனாள். அப்பாவும் கூடப் போனார்.

வெளியே வந்தபோது அம்மா கிளிப்பச்சைச் சீலை கட்டியிருந்தாள். கழுத்தில் புது மஞ்சள் கயிறு. வெள்ளையைத் தவிர வேறு நிறத்தில் நான் அவளைப் பார்த்ததேயில்லை. யாரோ ஒருவருடைய சின்ன வயதுப் பெண்டாட்டி மாதிரி இருந்தாள். என் முன்னால் குனிந்து, “நல்லாருக்குதா சாமி?” என்று கேட்டாள்.

நான் அவளைச் சரியாகப் பார்க்கவில்லை; தடத்தைத்தான் பார்த்தேன். எங்கள் ஊர் வண்டி ஒன்று வந்துகொண்டிருந்தது. வண்டியில் பெரியம்மாவின் அண்ணன். “வண்டி வருதும்மா! சோளத்துக்குள்ள போயி நின்னுக்க, வா!” என்று அவள் கையைப் பிடித்து இழுத்தேன். அப்பாகூட ஒதுங்கத்தான் பார்த்தார். அம்மா என் கையை மெல்ல விடுவித்துக்கொண்டாள். முக்காட்டை எடுத்துவிட்டு, தடத்தின் நடுவில் போய் நின்றாள். வண்டி அவளைச் சுற்றிக்கொண்டு போகும்வரை நகரவில்லை.

நான் சோளத்துக்குள் ஒளிந்துகொண்டு தட்டுகளின் சந்து வழியாக அவளைப் பார்த்தேன். கிணற்றடிப் பெண்கள் சொன்னது சரிதான், இவளுக்குக் கொஞ்சம்கூட வெட்கமில்லை என்று நினைத்துக்கொண்டேன்.