அடுப்படிக் கதவை அடைத்த நாள்

இது நடந்தது. மனைவியை இழந்தவன், தனியாக இருந்தவன், காற்றுச் சத்தத்தைக் கேட்டு ஏதோ கற்பனை செய்திருப்பான் என்று நீங்கள் சொல்லலாம். முதலில் நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டேன். ஆனால் அன்று என் கையால் பெயர்த்த செங்கற்கள் இன்னும் முற்றத்தில் கிடக்கின்றன. வந்து பார்க்கலாம்.

என் பெயர் எஸ்பென். மேற்கு யூட்லாந்தில், கடற்காற்று ஓயாத ஒரு சிற்றூரில் இருக்கிறேன். நாணல் கூரை போட்ட நீளமான செங்கல் வீடு. 1783இல் கட்டியது. பழங்கட்டடப் பட்டியலில் இருப்பதால் ஒரு ஜன்னல் சட்டத்தை மாற்றக்கூட அனுமதி வாங்க வேண்டும். என் மனைவி மாரெனுக்கு அந்த வீட்டில் மிகவும் பிடித்தது கடைசி அறையில் இருந்த கட்டில்தான். சுவருக்குள் பதித்தது. அலமாரிக்கு இருப்பதுபோல் அதற்கும் ஒரு தள்ளுகதவு உண்டு. மாரென் என்னைவிட உயரம். அதில் படுத்தால் அவள் கால்கள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்.

"இதை யாருக்குச் செஞ்சாங்க எஸ்பென், குள்ளனுக்கா?" என்பாள். "அதோட இந்தக் கதவு வேற தானா மூடிக்குது. வந்து வந்து என் கால்ல இடிக்குது."

"தரை சரிவா இருக்கு. பழைய வீடு."

"எல்லாத்துக்கும் இவர்கிட்ட ஒரு காரணம் இருக்கும்."

போன செப்டம்பரில் மாரென் இறந்துபோனாள். வயது முப்பத்தொன்று. ஆஸ்பத்திரியில் இனி செய்வதற்கு ஒன்றுமில்லை என்றதும் வீட்டுக்கே வந்துவிட்டாள். கடைசி வாரத்தில் ஒருநாள் சொன்னாள்.

"என்னை அடுப்படிக் கதவு வழியாத் தூக்கிட்டுப் போகச் சொல்லு. முன்கதவு வேணாம். அந்தக் கொண்டி சிக்கும், ரெண்டு தடவை தூக்கணும். திரும்பி வர்றப்ப அதோட யாரு மல்லுக்கட்டுறது?"

எங்கள் பக்கத்தில் முன்பு ஒரு வழக்கம் இருந்தது. இறந்தவரைக் கதவு வழியே கொண்டுபோக மாட்டார்கள். சுவரை உடைத்து ஒரு வழி செய்து, அதன் வழியே பெட்டியை வெளியேற்றிவிட்டு, உடனே செங்கல் வைத்து அடைத்துவிடுவார்கள். போன வழியாகத்தான் இறந்தவர் திரும்பி வர முடியும். வழி இல்லையென்றால் வர முடியாது. மாரென் அதைத்தான் கேலி செய்தாள். நான் சிரிக்கவில்லை. சரி என்றேன்.

அடக்க ஏற்பாடுகளைச் செய்யும் ஹோல்கரிடம் அப்படியே சொன்னேன். பெட்டி வெளியே போனதை நான் பார்க்கவில்லை. கொட்டகைக்குள் போய், அடுக்கியிருந்த விறகைப் பார்த்தபடி நின்றேன்.

அதற்குப் பிறகு அடுப்படிக் கதவை நான் பூட்டியதே இல்லை.

யாரும் வரவில்லை.

அக்டோபரில் முன்கதவின் கொண்டி சத்தம் போட ஆரம்பித்தது. மாலையில், இருட்டியதும். டக்... டக். தெருவைப் பார்த்த அந்தக் கதவை நாங்கள் பயன்படுத்துவதே இல்லை. மேற்கிலிருந்து காற்று நேராக அதன்மீதுதான் அடிக்கும். நான் எழுந்து பார்க்கவில்லை.

நவம்பரில் வீட்டை விற்பனைக்குப் போட்டேன். ஒரு சம்பளத்தில் சமாளிக்க முடியவில்லை என்று எல்லோரிடமும் சொன்னேன். காரணம் அதுவல்ல. காலையில் இரண்டு கோப்பைகளை எடுத்து, ஒன்றைத் திரும்ப வைப்பது அலுத்துவிட்டது.

தரகர் தோரா உற்சாகமானவள். அறை அறையாகப் படம் எடுத்தாள். ரொட்டி அடுப்பு, நீல ஓடு பதித்த சுவர், சுவர்க்கட்டில். முன்கதவு அருகே வந்தபோது டக்... டக்.

"ஐயோ, இதை முதல்ல நிறுத்துங்க எஸ்பென். வீடு பார்க்க வர்றவங்க சத்தத்தைக் கேட்டாலே குளிருதும்பாங்க."

அன்றே கொண்டியைக் கம்பியால் சுற்றி இறுக்கிக் கட்டினேன். இடுக்குகளில் கம்பளித் துணியைத் திணித்தேன். சத்தம் நின்றது.

ஆர்ஹூஸ் நகரிலிருந்து ஒரு தம்பதி வந்து பார்த்தார்கள். பிடித்துவிட்டது. ஒரே ஒரு தடங்கல். அடுப்படிக் கதவு 1970களில் அனுமதி இல்லாமல் வைத்தது என்று ஆவணத்தில் இருந்தது. அதை அடைத்துச் சுவரை முன்பிருந்தபடி ஆக்கினால்தான் விற்க முடியும். காகிதத்தை நீட்டினார்கள். கையெழுத்துப் போட்டேன். அந்த மாதங்களில் யார் எதை நீட்டினாலும் கையெழுத்துப் போட்டேன்.

நவம்பர் 27. கொத்தனார் வில்லாட்ஸ் காலையிலேயே வந்தார். கதவையும் நிலையையும் பெயர்த்து எடுத்தார். பிறகு குனிந்து ஓரத்தைத் தடவிப் பார்த்தார்.

"எழுபதுல புதுசா வெட்டினதுன்னு எவன் எழுதினான்? இங்க ஏற்கெனவே ஒரு வழி இருந்திருக்கு தம்பி. அந்தக் காலத்துலயே அடைச்சிருக்காங்க. எழுபதுல இருந்தவன் அதை உடைச்சு, அகலமாக்கி, கதவு வெச்சிருக்கான். பாரு, பழைய வழி இவ்வளவுதான்."

கைகளை விரித்துக் காட்டினார். அதிக அகலமில்லை. நான் தலையாட்டினேன்.

மூன்றரை மணிக்குச் சுவர் முடிந்தது. வில்லாட்ஸ் கரணையைக் கழுவிக்கொண்டே சிரித்தார்.

"யாரையாவது வெளிய நிறுத்திட்டுத்தான் எங்க தாத்தா காலத்துல இப்படி அடைப்பாங்க. உங்க வீட்ல யாரும் பாக்கி இல்லையே?"

சொல்லி முடித்தபிறகுதான் அவருக்கு உறைத்தது. முகம் சிவந்துபோய்த் தொப்பியை எடுத்துக்கொண்டார்.

"மன்னிச்சுக்கோப்பா. வாய்தான் எனக்கு எதிரி."

"பரவாயில்லை" என்றேன். வண்டி போகும் சத்தம் கேட்டது. பிறகு வெளியே போக மிச்சமிருந்த ஒரே வழியான சலவையறைக் கதவைத் தாழிட்டுவிட்டு உள்ளே வந்தேன். அடுப்படியில் நின்று புதுச் சுவரைப் பார்த்தேன். சுண்ணாம்புச் சாந்து இன்னும் ஈரமாக இருந்தது.

அப்போதுதான் எனக்கும் உறைத்தது.

நாலு மணிக்கு இருட்டிவிட்டது. விளக்கைப் போட்டேன். ரொட்டி நறுக்கினேன். சாப்பிடவில்லை. காற்று இல்லை. எங்கள் ஊரில் காற்று இல்லாத மாலை வருடத்தில் நாலைந்து வந்தால் அதிகம்.

ஐந்து பத்துக்கு அந்தச் சத்தம்.

தட்டும் சத்தமல்ல. தடவுவது. வெளியே, சுவரின்மீது, ஏதோ ஒன்று மெல்லத் தடவிக்கொண்டு வந்தது. சலவையறைப் பக்கமிருந்து... ஜன்னலுக்குக் கீழே... நின்றது.

புதுச் சுவருக்கு அந்தப் பக்கம்.

சுவருக்கு அருகே போனேன்.

தட்... தட்... தட்...

மெதுவாக. பலமில்லாமல். என் முழங்கால் உயரத்தில்.

மாரெனுக்குக் கடைசி நாட்களில் நிற்க முடியாது. உட்கார்ந்து தட்டுகிறாள் என்று நினைத்தேன். அப்படித்தான் நினைத்தேன்.

"மாரென்?"

தட்டுவது நின்றது.

பிறகு வேகமாக... தட்தட்தட்தட்...

விரல்களைச் சாந்துக்குள் விட்டேன். ஈரம். முதல் செங்கல் சுலபமாக வந்தது. இரண்டாவதும். நகம் பெயர்ந்தது. வலிக்கவில்லை. சில செங்கற்களை உள்ளே இழுத்தேன். மற்றவற்றை வெளியே தள்ளினேன்.

இருட்டு. முற்றம். யாரும் இல்லை.

"வா" என்றேன்.

குளிர்ந்த காற்று என் தொடையை உரசிக்கொண்டு போனது. ஈர மண் வாடை.

பின்னால் காலடி. வெறுங்கால். சப்... சப்... சப்...

திரும்பவில்லை. திரும்பினால் போய்விடுவாளோ என்று பயம்.

காலடி கடைசி அறைக்குள் போனது.

கட்டில் கதவு நகர்ந்தது.

மூடிக்கொண்டது.

ஐந்து முப்பத்தைந்து.

காலையில் பார்த்தேன். தரையில் உதிர்ந்திருந்த சுண்ணாம்பில் தடங்கள் இருந்தன. குட்டையானவை. என் உள்ளங்கை நீளம்கூட இல்லை. மாரென் குளிர்ந்த தரையில் நுனிக்காலால்தான் நடப்பாள். எனவே சரியாகத்தான் இருந்தது. துடைப்பத்தை எடுத்தேன். பிறகு வைத்துவிட்டேன்.

தோராவுக்கு போன் செய்து விற்கவில்லை என்றேன்.

"என்ன விளையாடுறீங்களா? நாளைக்குக் கையெழுத்து! அவங்க சோபா வரைக்கும் வாங்கிட்டாங்க!"

"திருப்பிக் கொடுக்கச் சொல்லுங்க."

அந்த ஓட்டையில் பலகைக் கதவொன்றை வைத்து, தாழ் போடாமல் விட்டேன். அந்தக் குளிர்காலம் எனக்கு நன்றாகவே போனது. காலையில் இரண்டு கோப்பைகளை எடுத்து இரண்டையும் மேசையில் வைத்தேன். மாலையில் கட்டில் கதவு மூடும். "நல்லாத் தூங்கு" என்பேன். பதில் வராது. வர வேண்டியதில்லை. வீட்டில் ஒருவர் இருந்தார்.

மார்ச்சில் கல்லறைத் தோட்டத்தில் ஹோல்கரைப் பார்த்தேன். மாரெனின் கல்லில் பாசி தேய்த்துக்கொண்டிருந்தேன். அவர் பக்கத்தில் வந்து நின்றார்.

"வீட்டை விக்கலையாமே. நல்லதுப்பா. மாரெனுக்கு உசுரு அந்த வீடு." பிறகு கொஞ்சம் தயங்கினார். "ஒண்ணு சொல்லணும்னு ரொம்ப நாளா மனசுல கிடக்கு. கோவிச்சுக்காத."

"சொல்லுங்க."

"நீ அடுப்படிக் கதவு வழியாக் கொண்டுபோகச் சொன்னே. முயற்சி பண்ணினோம். அந்த இரும்பு அடுப்பு குறுக்க நிக்குதா, பெட்டி திரும்பவே இல்ல. அவ உசரமான பொண்ணு. நீ கொட்டகையில நின்ன நிலைமையில உன்னைக் கேக்க மனசு வரல. முன்கதவு வழியாத்தான் கொண்டுபோனோம். கொண்டி வேற சிக்கிச்சு. ரெண்டு தடவை தூக்கித்தான் திறந்தோம்."

பாசி தேய்த்த கையைத் துடைத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு நடந்து வந்தேன். வழியெல்லாம் அந்தத் தடங்களைப் பற்றித்தான் யோசித்தேன். நுனிக்கால் தடத்தில் குதிகால் பதியாது.

பதிந்திருந்தது. நான் பார்த்திருந்தேன். ஐந்து விரல், பாதம், குதிகால். அவ்வளவு சிறிதாக, முழுசாக.

வில்லாட்ஸ் விரித்துக் காட்டிய அகலம். ஒரு சின்னப் பெட்டி மட்டுமே போகும் அகலம்.

மாரென் காலை நீட்ட முடியாத கட்டில்.

அன்றே முன்கதவின் கம்பியை அவிழ்த்தேன். துணியைப் பிடுங்கி எடுத்தேன். கதவுக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். தினமும் இருட்டியதும் உட்காருகிறேன். இன்றும்.

எவ்வளவு காற்று அடித்தாலும் கொண்டி அசைவதில்லை.

பின்னால்...

கட்டில் கதவு திறக்கிறது.

சப்... சப்... சப்...

நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது.