தோலை எடுத்த பிறகு

போன வாரம் காலையில் கோயம்புத்தூரிலிருந்து என் மகள் மாலதி தொலைபேசியில் அழைத்தாள். "அம்மா, தோல் புரொபசர் போயிட்டாராம்" என்றாள். பேராசிரியர் சவரிநாதனுக்கு எங்கள் வீட்டில் அதுதான் பெயர். அன்று மாலையே அவருடைய மாணவர்கள் இருவர் வந்து, நினைவு மலருக்கு எழுதித் தரும்படி கேட்டார்கள். பல வருடம் பக்கத்து வீட்டில் இருந்தவள் என்பதால் என்னைத் தேர்ந்தெடுத்தார்களாம். நல்லவிதமாக எழுதுங்கள் என்றார்கள். கான்வென்ட்டில் எனக்குச் சரியாக எழுதத்தான் கற்றுக்கொடுத்தார்கள்.

மனிதர்கள் ஒருவரோடொருவர் பழகும் விதத்தில் உடம்புக்கு எவ்வளவு பங்கு என்பதே அவருடைய ஆராய்ச்சி என்பது உங்களுக்குத் தெரியும். "மனிதனும் விலங்குதான், கொஞ்சம் வெட்கப்படுகிற விலங்கு" என்று அடிக்கடி சொல்வார். அவர் வெட்கப்பட்டு நான் பார்த்ததில்லை. உழைப்பாளி, அதை மறுக்க மாட்டேன். மூடுபனியில் மன்னவனூருக்கு பஸ் ஏறிப் போய், செம்மறிகள் குட்டி போடுவதைக் குடை பிடித்தபடி பார்த்துக்கொண்டு நிற்பார். அந்தப் பொறுமையில் கால்வாசியை மனிதர்களிடம் காட்டியிருக்கலாம்.

என் கணவர் இறந்தபோது துக்கம் விசாரிக்க வந்தவர், பெண்கள் கூடி அழும்போது உடம்பில் என்னென்ன சுரக்கிறது என்று வில்பட்டியிலிருந்து வந்திருந்த என் நாத்தனாருக்கு விளக்கினார். அவள் மூக்கைச் சிந்திவிட்டு, "ஏன் சார், ஆம்பளைக அழுதா ஒண்ணும் சொரக்காதுங்களா?" என்று கேட்டாள். அதற்கு அவரிடம் பதில் இருந்தது. அதையும் சொல்லிவிட்டுத்தான் போனார்.

ஆனால் தோல் புரொபசர் என்ற பெயர் அதற்கு வெகுகாலம் முன்பே வந்துவிட்டது. என் முதல் குழந்தை பிறந்த வருடமே இறந்துபோனாள். பிறகு மாலதியைத் தத்தெடுத்தோம். அவள் வந்த அன்று கடும் குளிர். வீட்டிலிருந்த குழந்தை ஸ்வெட்டர் ஒன்றே ஒன்று, இறந்தவளுக்காக நான் பின்னிய மஞ்சள் ஸ்வெட்டர். அதைப் போட்டுவிட்டேன். ஒருநாள் டீ குடிக்கும்போது என் கணவர் இதைப் பேராசிரியரிடம் சொல்லிவிட்டார். அவர் கப்பைக் கீழே வைத்து, அப்போது குழந்தையை முகர்ந்து பார்த்தீர்களா என்று கேட்டார். விருந்தாளி என்பதால் ஆமாம் என்று பதில் சொன்னேன்.

மாலதி பத்தாம் வகுப்பு படிக்கும்போது அவளுடைய பள்ளி விழாவில் அவர் பேசினார். குட்டியைப் பறிகொடுத்த ஆடு வேறு குட்டியை அண்டவிடாது, முட்டித் தள்ளும். செத்த குட்டியின் தோலை உரித்து மற்றதன்மேல் போர்த்திவிட்டால், வாசனையை நம்பிப் பால் கொடுக்கும். "பாசம் மூக்கில் தொடங்குகிறது" என்றார். பிறகு, இந்த ஊரிலேயே ஒரு தாய் தத்துக் குழந்தைக்கு இறந்த குழந்தையின் ஸ்வெட்டரைப் போட்ட கதையைச் சொன்னார். பெயர் சொல்லவில்லை. கொடைக்கானலில் பெயர் சொல்லத் தேவையில்லை. மாலதி என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். தான் தத்துப் பிள்ளை என்பது அவளுக்குத் தெரியும். அந்த ஸ்வெட்டர் யாருடையது என்பது தெரியாது.

மறுநாள் காலையில் அது சாப்பாட்டு மேசைமேல் மடித்து வைக்கப்பட்டிருந்தது. "அந்தப் பாப்பாவோடதும்மா. எனக்கெதுக்கு? யாருக்காவது குடுத்துருங்க" என்று சொல்லிவிட்டுப் பள்ளிக்குப் போய்விட்டாள்.

நான் நேரே பேராசிரியர் வீட்டுக்குப் போனேன். உட்காரச் சொன்னார்; உட்காரவில்லை. உங்களைக் குறை சொல்லவில்லை, அது இயற்கை என்றார்.

"இயற்கைக்கு என் வீட்டுக்குள்ள என்ன சோலி சார்? அது இருக்கட்டும். போர்த்தின தோல் கடைசிவரைக்கும் அப்படியே இருக்குமா?"

"இல்லைங்க, கொஞ்ச நாள்ல எடுத்துருவாங்க. அதுக்கப்புறம் தேவைப்படாது. அதுக்குள்ள அந்தக் குட்டியோட வாசனையே ஆட்டுக்குப் பழகிரும்."

"இதை ஏன் மேடையில சொல்லலை?"

"டைம் இல்லைங்க. நன்றியுரைக்கு நேரமாயிருச்சு."

வந்து இதை என் மகளிடம் நீங்களே சொல்லுங்கள் என்றேன். அந்த வயதில் எல்லாமே ஹார்மோன்தான், தானாகச் சரியாகிவிடும் என்று சொல்லி, ரோஜாச் செடியை வெட்டப் போய்விட்டார். அவர் வரவே இல்லை.

அன்று மாலை நானே சொன்னேன். மாலதி ஷூவைக் கழற்றாமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அப்ப என் தோலை எப்ப எடுத்தீங்க?"

"கை பத்தாமப் போனப்ப. உனக்குன்னு புதுசா ஒண்ணு பின்னினேன். பச்சை."

"அந்தப் பச்சையா? கண்றாவியா இருக்குமே" என்றாள். பிறகு மஞ்சளை எடுத்துப்போய் அவளே பெட்டியில் வைத்தாள், பச்சைக்குப் பக்கத்தில்.

பேராசிரியரின் நூல்களையும் பட்டங்களையும் பற்றி மற்றவர்கள் எழுதுவார்கள். அவை அவர்களுக்கே இருக்கட்டும். நன்றியுரைக்கு நேரமாகிவிட்டதென்று மேடையில் அவர் விட்டுவிட்ட அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் நான் வைத்துக்கொள்கிறேன்.